ஒரு கை குறையுது

சீட்டாட இடம் தேடுகிறேன் என்றதும்
மாடி வீட்டு ரஞ்சிதம் கேட்டாள்,
‘மாசம் ஐயாயிரமா, பத்தாயிரமா?
ஏலச்சீட்டா, குலுக்கலா?’
இல்லைங்க, இது ஐம்பத்திரண்டு சீட்டு.
‘அம்பத்திரெண்டு மாசமா!
கட்டி முடிக்கிறதுக்குள்ள ஆள் ஓடிடுவாங்களே.’

சுங்க இலாகா மாற்றலில்
புரசைவாக்கம் வந்து ஐந்து மாதம்.
துறைமுகத்தில் பகலெல்லாம் பெட்டிகளைத் திறந்து
சொன்னதுதான் உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பேன்.
இரவில்,
சொல்ல எதுவுமில்லாத என் ஃபிளாட்டைத் திறப்பேன்.

நுங்கம்பாக்கத்தில் ஒரு கிளப்.
வாசலில் காவலாளி என் செருப்பைப் பார்த்தார்.
செயலாளர் படிவத்தைப் பார்த்தார்.
எந்த உறுப்பினரின் விருந்தாளி நீங்கள்?
யாருடைய விருந்தாளியும் இல்லை.
கணவர் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது,
அதில் கோடு போட்டேன்.
நுழைவுக் கட்டணத்துக்குப் பழைய மாருதி ஒன்று வாங்கலாம்.

எழும்பூரில் புதன்தோறும் ஆடுகிறார்கள் என்று கேள்வி.
போனேன்.
பச்சைத் துணி விரித்த ஒன்பது மேசை,
பரீட்சை ஹால் மாதிரி அமைதி.
‘ஜோடி எங்கே?’ என்றார் நீலச் சட்டைக்காரர்.
தனியாகத்தான் வந்தேன்.
‘ஜோடி இல்லாம பிரிட்ஜ் எப்படிம்மா?’
அவர் சொன்னது ஆட்டத்தைத்தான்.
ஆட்டத்தைத்தான் என்று பஸ்ஸில்
வேப்பேரி தாண்டும்வரை
எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அண்ணாநகர்ப் பூங்காவில் ரம்மி,
காசு வைத்தால் சேர்த்துக்கொள்வார்களாம்.
பெரம்பூரில் இருபத்தெட்டு.
‘லேடீஸ் கேரம் அந்தப் பக்கம்.’
வேளச்சேரி அடுக்ககம் ஒன்றின் படிக்கட்டில்
யார் யார் பிள்ளைகளோடோ கழுதை ஆடித் தோற்று,
காதைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.
அந்த மாதத்தில் நல்ல சாயங்காலம் அது ஒன்றுதான்.

பிறகு ஒருநாள்
இறால் பெட்டிகளுக்குக் கையெழுத்து வாங்க வந்த
கணக்கர் இக்னேஷியஸ்
திறந்திருந்த என் டிராயரில் சீட்டுக்கட்டைப் பார்த்தார்.
சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு,
லஞ்சம் பேசுபவர்போலக் குனிந்து,
‘மேடம், காசிமேட்டுல எங்களுக்கு
ஒரு கை குறையுது.’

ஐஸ் ஃபேக்டரி மாடி.
கீழே கட்டிகள் உடைபடும் அதிர்வில்
டீ கிளாஸ்கள் தாமாக நகரும்.
ஸ்டான்லி ஆஸ்பத்திரி நர்ஸ் பவுனம்மாள்,
சவுகார்பேட்டை ஒயர் வியாபாரி பன்வர்லால்,
இக்னேஷியஸ், நான்.
ஜன்னலோரம் ஐந்தாவதாகத் தர்மலிங்கம்,
பேப்பருக்குப் பின்னால்.
நாலு வருஷம் முன்னால் அவர் இறக்கிய ராஜாவின் மேல்
அவர் ஜோடி இக்னேஷியஸே ஆஸைப் போட்டுவிட்டார்.
அன்றிலிருந்து ஆடுவதில்லை,
வராமலும் இருப்பதில்லை.
யாராவது தப்பாகப் போட்டால்
பேப்பர் சலசலக்கும்.

வெளியே மீன் ஏலம் முடிந்த மணம்.
உள்ளே எங்கள் ஏலம்:
‘ரெண்டு ஆடுதன்.’ ‘பாஸ்.’
‘மூணு, துருப்பு இல்லாம.’
பன்வர்லால் விரல்விட்டு மார்வாடியில் எண்ணுகிறார்.

முதல் ஆட்டம் பவுனம்மாளுக்குப் போனது.
அவள் ஜோடி நான், அதனால் டம்மி.
பதிமூன்று சீட்டையும் மேசையில் விரித்தேன்.
ஒரே ஒரு ராணி, மீதியெல்லாம் சில்லறை.
எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.
‘போதும்’ என்றாள் அவள்.
எந்தப் பெட்டியையும் நான்
இவ்வளவு லேசாகத் திறந்ததில்லை.
வெறுங்கையோடு டீயை எடுத்தபோது
பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு
சர்க்கரை டப்பாவை என் பக்கம் தள்ளியது.

மறுநாள் காலை ஆறேகால். தெரியாத எண்.
‘தர்மலிங்கம் பேசறேன். நேத்து மூணாவது ஆட்டம்.
டைமன் எட்டை ஏன் போட்டீங்க?’
பதிலுக்கு நிற்காமல் வைத்துவிட்டார்.

பல்கூடத் தேய்க்காமல்
சாப்பாட்டு மேசையில்
ஞாபகத்திலிருந்து நாலு கையையும் விரித்தேன்.
அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

எட்டு இல்லை.
மூன்றைத்தான் போட்டிருக்க வேண்டும்.